ராஸ்பெர்ரியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரியும் ராஸ்பெர்ரியும் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளுகின்றன. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சீக்கிரமே சாம்பல் நிறப் பூஞ்சை வந்துவிடுகிறது. ஒரு பழத்தில் தொடங்கினால் போதும், பெட்டி முழுக்கப் பரவிவிடும்.

இது போட்ரைடிஸ் என்ற பூஞ்சை. பூவிலேயே புகுந்து பழம் கனியும்வரை காத்திருக்கும், ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும் என்பது வரை தெரியும். அதனால் காலையில் பனி காய்ந்ததும் பறித்து, கழுவாமல், அகலமான பெட்டியில் டிஷ்யூ காகிதம் விரித்து ஒரே அடுக்காக வைக்கிறேன். ஸ்ட்ராபெர்ரிக்கு இது போதுகிறது. ராஸ்பெர்ரிதான் படுத்துகிறது. பறிக்கும்போது நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடுவதால் உள்ளே குழி, தோலும் மெல்லியது, கை பட்டாலே நசுங்குகிறது.

ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அலசச் சொல்கிறார்கள் சிலர். 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுக்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். ராஸ்பெர்ரி எதைத் தாங்கும்? வினிகர் வாடை தங்குமா? நனைந்த குழியை எப்படி உலர்த்துவது? அப்புறம், பெட்டியை இறுக மூட வேண்டுமா, லேசாகத் திறந்து வைக்கலாமா?

உறைய வைக்க மட்டும் சொல்லாதீர்கள், ஃப்ரீசர் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.