‘என்னால் முடியும்’ என்று சொல்லச் சொல்ல மனம் சோர்வது ஏன்?

கேள்வி:
குரூப் 2 முதன்மைத் தேர்வில் இரண்டு முறை தோற்ற பிறகு, புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் ‘உனக்கு இதெல்லாம் வராது, வீட்டுக் காசைக் கரைத்தது போதும்’ என்று உள்ளே ஒரு குரல் எழுகிறது. அதை அடக்க, ‘நான் நிச்சயம் வெற்றி பெறுவேன்’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டி, தினமும் காலையில் இருபது முறை சொல்கிறேன். ஒரு மாதமாகிறது, சொல்லி முடித்ததும் அந்தக் குரல் முன்னைவிட உரக்கச் சிரிக்கிறது. என் முறையில் பிழையா?

மறுமொழி 1:
பிழை உங்களிடம் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட் தம் குழுவினருடன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்தே காணப்பட்டார்கள். நம்பாத ஒன்றை வாய் சொன்னால், மனம் எதிர்ச்சாட்சிகளைத் திரட்டத் தொடங்கிவிடுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். 1960களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறை, கசப்பான எண்ணத்தின் இடத்தில் இனிப்பான எண்ணத்தை வைப்பதில்லை. அந்த எண்ணத்தையே குறுக்கு விசாரணை செய்கிறது. குரல் எழுந்த நேரத்தையும் அது சொன்ன சொற்களையும் அப்படியே எழுதி, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள உண்மைகளை மட்டும் கீழே குறியுங்கள். முதல்நிலைத் தேர்வை நீங்கள் இரண்டு முறை கடந்திருக்கிறீர்கள் (இல்லையேல் முதன்மைத் தேர்வை எழுதியே இருக்க முடியாது). அந்தக் குரல் இதை ஒருநாளும் சொல்லியிருக்காது. கடைசியில் கிடைக்கும் வாக்கியம் ‘விரிவான விடைகளுக்கு எனக்கு நேரம் போதவில்லை’ என்பதுபோல் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் நாளை எதைப் பயிற்சி செய்வது என்பது அதிலிருந்து தெரியும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘நான்’ என்று எழுதாமல், உங்கள் பெயரைச் சொல்லி அழைத்து எழுதிப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடையில் பேசுவதற்குமுன் தம்மைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. பாலைத்திணைத் தலைவன் ‘நெஞ்சே’ என்று தன் மனத்தை எதிரில் நிறுத்திப் பேசுவதும் இதைப்போன்றதே.

கேள்வி கேட்டவர்:
நேற்று எழுதினேன். ‘வீட்டுக் காசைக் கரைத்தது’ என்று வீட்டில் யாருமே சொன்னதில்லை. தேர்வு முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அது. பகலில் இப்போது சமாளிக்க முடிகிறது, ஆனால் மூன்று வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை.

மறுமொழி 1:
மூன்று வாரத் தூக்கமின்மையைத் தாளும் பேனாவும் மட்டும் தீர்க்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒன்றிய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.