மறு: 'பார்வைச் சொல்' சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலம் படிக்கப் பழகும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டாமல் பார்த்ததும் படிக்க வேண்டியவை என்று ஆசிரியர்கள் சொல்லும் 'சைட் வேர்ட்' (sight word) என்பதற்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> 'சைட் வேர்ட்' என்பதற்குப் பார்வைச் சொல் என்றே போட்டுவிடலாமே. எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் இதைப் பார்க்கும் ஆசிரியர் 'பார்வை நூல்', 'பார்வை நேரம்' வரிசையில் ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். 'ஃபிளாஷ் கார்டு' மின்னட்டை ஆன கதை தெரியும் அல்லவா? மின்னஞ்சல், மின்னூல் எல்லாம் வந்த பிறகும் காகித அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மின்னட்டை என்கிறோம்.

சொல்லைத் தேடுமுன், பின்னிக் கிடக்கும் கருத்துகளைப் பிரித்துக்கொள்வோம். ஒரு சொல் எழுத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது ஒன்று. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் தந்த பட்டியல் இந்த வகை: 220 சொற்கள், அவற்றில் பெயர்ச்சொல் கிடையாது. பெயர்ச்சொற்கள் 95ஐத் தனியாகக் கொடுத்தார். அப்புறம் வந்த எட்வர்ட் ஃப்ரையின் பட்டியல் 1000 வரை நீண்டது.

எழுத்துக்கூட்டாமல் கண்டதும் படித்துவிடுவது வேறு. அது சொல்லின் குணம் இல்லை, படிக்கிற பிள்ளையின் நிலை. டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு 'டைனோசர்' கண்டதும் படிக்கும் சொல்தான். டால்ச் பட்டியலில் அது இருக்காது. லின்னியா ஈரி போன்ற ஆய்வாளர்கள் 'சைட் வேர்ட்' என்பது இந்தப் பொருளில்தான்.

மூன்றாவதாக, ஒலிப்பு விதிக்கு அடங்காத சொற்களும் இதிலேயே வந்து ஒட்டிக்கொள்கின்றன. எஸ், ஏ, ஐ, டி (said) என்று எழுதி 'செட்' என்று படிக்கிறோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தும் கடைசி எழுத்தும் சொன்னபடி கேட்கின்றன. நடுவிலுள்ள ஏ-ஐ மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது. அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டி, மற்றதை ஒலித்துப் படிக்க வைத்தால் போதும். முழுச் சொல்லையும் படம்போல மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை. 'பார்வைச் சொல்' என்று பெயர் வைத்தால் அந்த மனப்பாட முறைக்கே ஆள் சேர்த்ததாகிவிடும். என் முக்கியமான மறுப்பு இதுதான். இங்கிலாந்தின் 2014 பாடத்திட்டம் இவற்றுக்கு 'அடிக்கடி வரும் விதிவிலக்குச் சொற்கள்' என்ற பொருளில் தனிப்பெயரே வைத்திருக்கிறது.

சரி, என் பரிந்துரை. அடிக்கடி வருவதற்குப் 'பயில்சொல்'. செய்யுளில் எதுகை பயின்று வருகிறது என்கிறோமே, அந்தப் பயில்தான். கற்றல் என்ற பொருளும் கூடவே வருவது கொசுறு. 'மிகுவழக்குச் சொல்' தப்பில்லை, ஆனால் ஒன்றாம் வகுப்பில் யார் வாயிலும் நுழையாது. கண்டதும் படிப்பதற்கு 'உடனறிசொல்'. 'கண்டறிசொல்' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டறிவது என்றாலே தேடிக் கண்டுபிடிப்பது என்றாகிவிட்டது, இங்கே தேடலே கூடாது. விதிவிலக்குக்குப் 'புறனடைச் சொல்' என்றால் இலக்கணம் படித்தவர்களுக்கு இனிக்கும். எனக்கென்னவோ 'முரண்டுச் சொல்' பிடித்திருக்கிறது, பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

தமிழுக்கும் இவை பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பயில்சொல் பொருந்தும்: ஒரு, என்று, இல்லை, இருக்கிறது. ஆங்கிலம் அளவுக்கு முரண்டுச் சொற்கள் நம்மிடம் இல்லை. இங்கே சிக்கல் வேறு இடத்தில். பிள்ளை எ-ன்-று என்று பிழையில்லாமல் கூட்டிவிடும். தான் நாள் முழுக்கச் சொல்லும் 'ன்னு'தான் அது என்பது பிடிபடாது. 'இருக்கிறது' என்பதும் 'இருக்கு' என்பதும் அப்படியே. அதனால் தமிழ்ப் பயில்சொல் பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே பேச்சு வடிவத்தையும் எழுதிவிடுவது நல்லது.

'உடனறி'யில் 'உடன்' என்பதைக் 'கூட' என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. மாற்று இருந்தால் சொல்லுங்கள். பயில்சொல்லுக்கு மறுப்பு இல்லையென்றால் அதை மட்டும் இப்போதே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.