புதுப்பிப்பு: முதல் முழுநீளத் திரைக்கதைக்குத் தயாரிப்பாளர் கிடைத்தது எப்படி

குறும்பட அனுபவமும் முடித்த ஒரு திரைக்கதையும் மட்டுமே உள்ள நிலையில் தயாரிப்பாளரை எப்படி அணுகுவது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது ஒரு தயாரிப்பாளருடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

பலன் தந்தது, திரைக்கதையிலிருந்து ஒரு காட்சியை மட்டும் தனியே படமாக்கிக் காட்டும்படி சொன்ன யோசனைதான். பம்புசெட் அறையில் தந்தையும் மகளும் பேசாமல் அமர்ந்திருக்கும் காட்சியை எடுத்தோம். ஆட்கள் எல்லோரும் வெளியேறிய பின் அந்த அறையின் வெற்று ஒலியைத் தனியாகப் பதிவு செய்து காட்சி முழுவதும் பின்னணியில் ஓடவிட்டதால், தொகுப்பில் வெட்டுகள் உறுத்தவில்லை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கோவாவில் நவம்பரில் நடத்தும் திரைப்படச் சந்தையான பிலிம் பஜாரில் இந்தத் தயாரிப்பாளரைச் சந்தித்தபோது, அவர் முதலில் பார்த்தது அந்தக் காட்சியை. திரைக்கதையைப் பிறகுதான் கேட்டார்.

எதிர்பாராதது ஒப்பந்த வரைவு. மறுஆக்கம் (ரீமேக்), அடுத்த பாகம் உள்ளிட்ட எல்லா உரிமைகளையும் காலவரையின்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, திரையரங்குக்கு வெளியேயான பயன்பாடுகளுக்கு எழுத்தாளருக்குரிய ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாது என்பதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டிய பிறகு, அந்தப் பிரிவை மாற்றி எழுதினார்கள். கதையை யாரிடமும் கொடுப்பதற்கு முன்பே திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்று இங்கே சொல்லப்பட்டதும் அந்தப் பேச்சில் பெரிதும் கைகொடுத்தது.

படம் முடிந்ததும் நேராக யூடியூபில் ஏற்றலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று பெரிய திரைப்பட விழாக்கள் பலவும் நிபந்தனை வைக்கின்றன; முன்பே இணையத்தில் வெளியிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.