ஆய்வுக்குப் படகு வாடகைக்கு: எவற்றை எழுதி வாங்க வேண்டும்?

குளச்சல்காரர்: மடியில், அதாவது இழுவலையில், சிக்கும் குஞ்சு மீன்களையும் கழிவு மீன்களையும் குறைக்கும் ஆய்வுக்காக ஆய்வாளர்கள் எங்கள் விசைப்படகை வாடகைக்குக் கேட்கிறார்கள். டீசல் அவர்களுடையது என்கிறார்கள். பிடிபடும் மீன் யாருக்கு என்பதில்தான் தெளிவில்லை.

முட்டம் வாசகர்: வைர வடிவக் கண் உள்ள மடியை இழுக்கும்போது கண், அதாவது வலைத் துளை, சுருங்கிவிடும், சதுரக்கண் மடியோ திறந்தே நிற்பதால் குஞ்சுகள் வெளியேறும். தப்பியவற்றை எண்ணுவதற்காக மடிக்கு வெளியே சிறுகண் உறை ஒன்றையும் கட்டுவார்கள். பிறகு தளத்தில் கொட்டி, இனம் பிரித்து, அளந்து, எடைபோடும்வரை அடுத்த இழுப்பு காத்திருக்க வேண்டியிருப்பதால், மீன் உங்களுக்கே என்றாலும் வழக்கமான வரவை எதிர்பார்க்காமல் நாள் வாடகையாகவே பேசுங்கள்.

தேங்காய்ப்பட்டணம் அண்ணன்: தம்பி, கூலிக்குப் பதில் பிடிப்பில் பங்குக்கு வரும் தொழிலாளிகளுக்கு நிலையான கூலியும் காப்பீடும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதை விட்டால் சண்டை உங்கள் வீட்டு வாசலில்தான்.

சின்னமுட்டத்தான்: மீன்பிடித் தடைக்காலத்தையும் பாருங்கள்: உங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.