மறு: ரீனல் டீநெர்வேஷன், கலைச்சொல் தேவை

வணக்கம்.

> ‘சிறுநீரக நரம்பு நீக்கம்’ போதுமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் உயர் ரத்த அழுத்தத்துக்கான இந்த ரீனல் டீநெர்வேஷன் (renal denervation) சிகிச்சையில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. தொடையிடுக்குத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிக்குள் கொண்டுபோய், உள்ளிருந்தபடியே ரேடியோ அலையாலோ மீயொலியாலோ சூடேற்றுகிறார்கள். தமனியின் வெளிச்சுவரை ஒட்டி ஓடும் பரிவு நரம்புகள் (sympathetic nerves) அந்தச் சூட்டில் செயலிழக்கும். அவற்றின் தூண்டல் தணிந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ரெனின் என்ற பொருளின் சுரப்பு குறையும், உப்பும் நீரும் தேங்குவது குறையும், ரத்த அழுத்தமும் இறங்கும்.

மற்றச் சொற்களையும் பார்த்தேன். ‘நரம்பறுப்பு’ வேறொன்றுக்கு வேண்டும். நல்ல மாத்திரைகள் வருமுன், 1930, 40களில், பரிவு நரம்புகளை உண்மையாகவே அறுத்தார்கள். அழுத்தம் குறைந்தது, எழுந்து நின்றால் தலைசுற்றலும் வந்தது.

‘தீய்ப்பு’ என்றால் கருகல். மீயொலி முறையில் பலூனுக்குள் நீரை ஓடவிட்டுத் தமனியின் உட்சுவரைக் காக்கிறார்கள். கருகக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை பாடும். ‘முடக்கம்’ என்றால் நோயாளி பக்கவாதம் என்று பயந்துவிடுவார்.

நான் சொல்வது: நரம்பவிப்பு. அவித்தல் என்றால் வேகவைத்தல். விளக்கை அவித்தல் என்றால் அணைத்தல். இரண்டும் இங்கே பொருந்தும். ஆல்கஹாலைச் செலுத்தி நரம்பைச் செயலிழக்கவைக்கும் முறையும் ஆய்வில் இருக்கிறது. அதில் சூடே இல்லை, ஆனாலும் அணைத்தல் என்ற பொருள் நிற்கும். இட்லி நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும்.

அப்புறம், அந்த மெல்லிய குழாய்க்கு (கதீட்டர்) ‘வடிகுழாய்’ வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்தால் எல்லோரும் மூத்திரப் பையைத்தான் நினைப்பார்கள். ‘தமனிவழிச் சிறுநீரக நரம்பவிப்பு’ என்றால் சரி.

விளக்கக் குறிப்பில் ‘ரத்தக்கொதிப்பு குணமாகும்’ என்றிருப்பதை எடுத்துவிடலாம். 2014இல் வெளியான பெரிய சோதனையில், சிகிச்சை பெற்றவர்களுக்கு மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) சுமார் 14 புள்ளி இறங்கியது; ஆஞ்சியோ (தமனிப் படம்) மட்டும் செய்து சிகிச்சை தராமல் விட்டவர்களுக்கும் சுமார் 12 இறங்கிவிட்டது! அதன்பின் கருவிகளும் சோதனை முறைகளும் மேம்பட்டன. 2023 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து நிர்வாகம்) மீயொலிக் கருவி ஒன்றுக்கும் ரேடியோ அலைக் கருவி ஒன்றுக்கும் அனுமதி தந்தது. அதுவும் மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும் போதாதவர்களுக்குத் துணைச் சிகிச்சையாகத்தான். ‘அழுத்தத்தைக் குறைக்க உதவும்’ என்று எழுதுவோம்.

2014 சோதனையில் ஆஞ்சியோ மட்டும் செய்த அந்த ஒப்பீட்டுக் குழுவுக்குச் செய்ததை ‘போலிச் சிகிச்சை’ என்கிறோம். கேட்டால் போலி டாக்டர் செய்தது போலிருக்கிறது. ‘பாவனைச் சிகிச்சை’ எப்படி?