வெனிஸ் நார்டிக் அரங்கம்: அந்தக் கூரைக்குக் கீழே ஓவியம் மாட்ட முடியுமா? (உத்தரம், மட்டப்பலகை, சாரம் என்ற புனைபெயர்களில் மூவர் பேசுவது)

உத்தரம்:
வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி நடக்கும் ஜியார்தினி தோட்டத்தில் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்றுக்கும் பொதுவான அரங்கம்தான் அங்கே உருப்படியான கட்டடம். 1958 வடிவமைப்புப் போட்டியில் வென்ற நார்வே கட்டடக்கலைஞர் ஸ்வெர்ரே பேன் 1962-ல் முடித்தார். சூட்சுமம் கூரையில். 1 மீட்டர் உயரம், 6 செ.மீ. தடிமனில் காங்கிரீட் பீம்கள், 52.3 செ.மீ.க்கு ஒன்று, மேலே குறுக்காக அதே மாதிரி இன்னோர் அடுக்கு. வெள்ளைச் சிமென்ட், வெள்ளை மணல், பொடித்த பளிங்கு என்பதால் ஒளி பீமுக்குப் பீம் தெறித்து நிழலில்லாமல் இறங்கும். நேர்வெயில் நுழையவே நுழையாது.

மட்டப்பலகை:
எல்லோரும் சொல்வதுதான். கணக்குப் போட்டீர்களா? 52.3-ல் 6 போனால் இடைவெளி 46.3. வெனிஸில் ஜூன் 21 நண்பகல் சூரியன் 68 டிகிரி உயரத்தில். கதிர் 1 மீட்டர் இறங்குவதற்குள் பக்கவாட்டில் நகர்வது 40 செ.மீ. ஓர் அடுக்கு வெயிலுக்குக் குறுக்கே இருந்தாலும் 6 செ.மீ. பட்டையாகக் கசியும், மூலைவாட்டில் வந்தால் இன்னும் தாராளம். தடுப்பது மேலே போட்ட பைபர்கிளாஸ்.

உத்தரம்:
பைபர்கிளாஸும் அவர் வடிவமைப்பில் சேர்ந்ததுதானே! குடையைப் பிடுங்கிக்கொண்டு "நனைகிறானே" என்கிறீர்கள்.

சாரம்:
வெயிலை விடுங்கள், என் கவலை கம்பி. 6 செ.மீ. பீமில் கம்பியை நட்டநடுவில் வைத்தாலும் கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், இரண்டரை செ.மீ.யைத் தாண்டாது. காயல் உப்புக்காற்றில் துரு ஏறினால் கம்பி ஊதி காங்கிரீட்டைப் பிளக்கும். போதாததற்கு, நின்ற மரங்களை வெட்டாமல் கூரையில் வழி விட்டிருக்கிறார். மூலையில் பெரிய பீம் ஒரு மரத்துக்காக இரண்டாகவே பிரிகிறது. அழகுதான். சருகை யார் அள்ளுவது? அதே தோட்டத்தில் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்டோவின் 1956 பின்லாந்து மர அரங்கின் மேல் 2011-ல் மரமே விழுந்தது.

மட்டப்பலகை:
என் கேள்விக்கு வருகிறேன்: அங்கே ஓவியம் மாட்ட முடியுமா? இரண்டு பக்கம் நகரும் கண்ணாடி, முழுச்சுவர் இரண்டே. காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் (ஒளியின் அளவு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 என்பது மியூசியங்களின் பொது வழக்கம். தோட்டப் பகல் அதைப் பல மடங்கு மிஞ்சும். ஒளியைக் குறைக்கக் கூரையை மூடினால் பேன் கட்டியதற்கு அர்த்தமே இல்லை.

உத்தரம்:
2022-ல் இதையே வட ஐரோப்பியப் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் அரங்கமாக்கினார்களே, அவர்களில் ஒருவரான ஓவியர் ஆண்டர்ஸ் சுன்னாவின் பெரிய ஓவியங்கள் அங்கேதான் இருந்தன.

மட்டப்பலகை:
அவை அந்த இடத்துக்கென்றே வந்த புது வேலைகள். பழைய நீர்வண்ணம் ஒன்றை ஏழு மாதம் அங்கே மாட்டக் கடன் கேட்டுப் பாருங்கள், எந்த மியூசியம் தருகிறது என்று.