பாட்ரிக் திருநாள் அமெரிக்கச் சரக்கா?

லிஃபிக்கரையான்:
அயர்லாந்தின் காவல் புனிதரான பாட்ரிக்கின் பெயரில் மார்ச் 17 அன்று வரும் திருநாளை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்களே என்றும், அயர்லாந்து பின்னாளில் அதை இறக்குமதி செய்துகொண்டது என்றும் பாஸ்டன்வாசி அவர்கள் நேற்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எழுபதுகளில் டப்ளினில் வளர்ந்த எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மார்ச் 17 காலையில், ஈர மண் உதிராத ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியின் கொத்தொன்றைப் பக்கத்து வீட்டுப் பாட்டி என் கோட்டில் ஊக்கால் குத்திவிட்டுத்தான் பூசைக்குக் கிளம்புவார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்காக மிட்டாயை விட்டிருந்த அவர் பேரப்பிள்ளைகளுக்கு அன்று ஒரு நாள் மட்டும் விலக்கு உண்டு. இதில் அமெரிக்கா எங்கே வந்தது? வாட்டர்ஃபோர்டில் பிறந்த லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால், 17ஆம் நூற்றாண்டிலேயே இந்நாள் திருச்சபையின் நாட்காட்டியில் ஏறிவிட்டது.

பாஸ்டன்வாசி:
பூசையையும் மிட்டாயையும் யார் கேட்டார்கள்? நியூயார்க்கில் 1762-இலேயே ஊர்வலம் நடந்தது. ஐயாவின் அயர்லாந்தில் இந்நாள் அரசு விடுமுறையானதே 1903-இல்தான். கழித்தல் கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

லிஃபிக்கரையான்:
1762-இல் அந்த ஊர்வலத்தில் நடந்தவர்கள் பிரிட்டிஷ் படையில் இருந்த அயர்லாந்து வீரர்கள். அமெரிக்கா என்ற நாடு அன்று பிறக்கவே இல்லை. முதல் ஊர்வலம் நடத்தியவருக்கே திருநாள் சொந்தம் என்றால், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் 1601-இலேயே பாட்ரிக் பெயரில் ஊர்வலம் போனதாக ஸ்பானியக் காலனிப் பதிவுகளில் இருக்கிறதே, திருநாளை ஸ்பெயினுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா?

பாஸ்டன்வாசி:
1601 என்றாலும் நடந்தது எங்கள் மண்ணில்தானே? டப்ளினில் அல்லவே. 1927 முதல் 1960 வரை அன்றைக்கு மதுக்கடைகளைச் சட்டம் போட்டுப் பூட்டி வைத்திருந்த ஊர், கொண்டாட்டத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய மாணவி:
நான் சென்னையில் அயர்லாந்துக் கன்னியரிடம் படித்தவள். அவர்களுக்கு ஊரிலிருந்து கடித உறைக்குள் ஷாம்ராக் வரும். வந்து சேர்வதற்குள் சருகாகியிருக்கும், இருந்தும் அன்று முழுவதும் அதை அங்கியில் அணிந்திருப்பார்கள். ஊர்வலமும் இல்லை, மதுவும் இல்லை. நீங்கள் இருவரும் பங்கு கேட்கும் பாட்ரிக்கே பிரிட்டனில் பிறந்து, ஏறக்குறைய 16 வயதில் கொள்ளையரால் அயர்லாந்துக்குக் கடத்தப்பட்டு, அடிமையாகக் கால்நடை மேய்த்தவர். அவருக்குரிய நிறமாக முன்பு கருதப்பட்டதும் இன்றைய பச்சை அல்ல, நீலம்தான்; அதையாவது தெரிந்துகொண்டு சண்டை போடுங்கள்.

பாஸ்டன்வாசி:
அம்மா, நீலத்துக்கும் 1762-க்கும் என்ன தொடர்பு? தீபாவளி விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினீர்கள்.

பழைய மாணவி:
அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லாதவர் நீங்கள்.

லிஃபிக்கரையான்:
தீபாவளியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரீபியனில் மொன்செராட் தீவிலும் மார்ச் 17 அரசு விடுமுறைதான். 1768-இல் அதே நாளில் அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதை அங்கே நினைவுகூர்கிறார்கள். அங்கு பாட்ரிக்கைக் கொண்டுபோனவர்கள் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள். அதுவும் நியூயார்க் ஏற்றுமதிதானா? பாஸ்டன்வாசி அவர்கள் பதில் சொல்லட்டும்.

பாஸ்டன்வாசி:
தீவுகளைச் சுற்றி வருவதற்கு எனக்கு நேரமில்லை. 1762-க்கு முன்பு டப்ளின் தெருவில் ஓர் ஊர்வலம் போனதைக் காட்டுங்கள், பேசலாம்.